மதுரைக் கணக்கு அலுவலகம் ஒன்றின் வி.பி.என். தேர்வு: விலை, வேகம், நம்பகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரை கே.கே. நகரில் இயங்கிவரும் ஒரு கணக்குப் பதிவு அலுவலகம், தன் ஊழியர்களுக்கு வி.பி.என். சேவை (இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு) வாங்குவதற்காகச் சந்தையில் உள்ளவற்றை ஒப்பிட்டுத் தரும்படி கேட்டுக்கொண்டதன் பேரில் செய்யப்பட்ட ஆய்வின் விவரம் இது. அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் கடை வைத்திருக்கும் மொத்த வியாபாரிகளின் டேலி மென்பொருள் கணக்கையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் ஒரு பிரிவு கவனிக்கிறது. பிரிட்டனில் உள்ள சில சிறு நிறுவனங்களின் மாதக் கணக்கை மற்றொரு பிரிவு முடித்துக் கொடுக்கிறது. நான்கு பேர் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் ஆகிய ஊர்களில் தத்தம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். "எது தம்பி நல்லது? ஒண்ணைச் சொல்லுங்க, வாங்கிருவோம்" என்று கேட்டார் அலுவலகத்தை நடத்தும் ஆடிட்டர். அந்தக் கேள்வியை மூன்றாகப் பிரித்த பிறகே விடை கிடைத்தது. அந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே கடையில் விற்கும் வி.பி.என். சேவை தேவைப்பட்டது.

கட்டணம் செலுத்திச் சோதித்த மூன்று சேவைகளை முதல் சேவை, இரண்டாம் சேவை, மூன்றாம் சேவை என்றே இங்கு குறிப்பிடுகிறேன். ஓர் அலுவலகத்தின் லைனிலும் நான்கு வீடுகளிலும் கண்டதை வைத்து ஒரு நிறுவனத்துக்குத் தீர்ப்பு எழுதுவது முறையாகாது. பொதுவெளியில் பதிவான உண்மைகளைச் சொல்லும் இடங்களில் மட்டும் பெயர்கள் வரும்.

தேவை எது என்று பிரித்தது

முதல் தேவை, வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அலுவலகத்தில் உள்ள டேலி சர்வரை அடைய வேண்டும் என்பது. இரண்டாவது, பிரிட்டன் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கு மென்பொருளுக்குள் நுழைய ஒரே ஒரு நிலையான ஐ.பி. முகவரியை (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மட்டும் அனுமதிப்பார்கள் என்பது; முகவரி எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பற்றி அவர்களுக்கு நிபந்தனை எதுவும் இல்லை, அது மாறாமல் இருந்தால் போதும். மூன்றாவது சிறியது. ஒரு வாடிக்கையாளரின் ஆன்லைன் கடை, பிரிட்டனிலிருந்து திறந்தால் மட்டும் வாட் வரி சேர்த்த விலையைக் காட்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரிக் கணக்கு தயாரிக்கும்போது அந்த விலைகளைச் சரிபார்க்க வேண்டும்.

இவற்றோடு, வி.பி.என். போட்டால் வைரஸ் வராது, ஹேக்கிங் நடக்காது என்ற எண்ணமும் அலுவலகத்தில் இருந்தது. வி.பி.என். செய்வதெல்லாம் நம் கணினிக்கும் அந்தச் சேவையின் சர்வருக்கும் இடையே போகும் தரவைக் குறியாக்கம் செய்து அனுப்புவதும், அதற்கு அப்பால் உள்ள தளங்களுக்கு நம் முகவரிக்குப் பதிலாக அந்தச் சர்வரின் முகவரியைக் காட்டுவதும்தான். போலி மின்னஞ்சலில் வந்த இணைப்பை ஒருவர் அழுத்தினால், அது குறியாக்கப்பட்ட குழாயின் வழியாகவே பத்திரமாக உள்ளே வந்து சேரும். இதை முதல் நாளே சொல்லிவிட்டதால், ஒப்பீட்டில் "பாதுகாப்பு" என்ற பொதுவான தலைப்பு அடிபட்டுப் போனது.

முதல் தேவைக்குச் சந்தைச் சேவைகள் உதவாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்தது. அலுவலகத்துக்கு பைபர் லைன் கொடுத்திருக்கும் உள்ளூர் ஆபரேட்டர், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், சி.ஜி.நாட் எனப்படும் இந்த ஏற்பாட்டில்தான் நாம் இருக்கிறோம் என்று பொருள். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. வெளியிலிருந்து யாரும் அந்த அலுவலகத்தின் கதவைத் தட்டவே முடியாது. அலுவலகக் கணினியிலும் உசிலம்பட்டி வீட்டுக் கணினியிலும் ஒரே நிறுவனத்தின் வி.பி.என். செயலியை நிறுவினாலும் இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்தச் சேவைகள் வாடிக்கையாளரை இணையத்துக்கு வெளியே அனுப்புவதற்காகக் கட்டப்பட்டவை. ஒரு வாடிக்கையாளரை மற்றொருவரோடு இணைப்பது அவற்றின் வழக்கமான வேலையில் சேராது.

தரவரிசைப் பட்டியல்களை ஏன் ஒதுக்கினோம்

ஆடிட்டர் ஏற்கெனவே இணையத்தில் தேடி, "சிறந்த பத்து வி.பி.என்." வகைப் பட்டியல்கள் சிலவற்றை அச்செடுத்து வைத்திருந்தார். பல பட்டியல்களில் அதே நான்கைந்து பெயர்கள் இடம் மாறி மாறி வந்தன. இதற்கு ஒரு காரணம் தரகு: பட்டியலில் உள்ள இணைப்பை அழுத்தி வாங்குபவர் மூலம் தளத்துக்கு ஒரு பங்கு கிடைக்கிறது. இன்னொரு காரணம் உரிமை. கேப் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் 2017-இல் சைபர்கோஸ்ட், 2019-இல் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், 2021-இல் எக்ஸ்பிரஸ் வி.பி.என். ஆகிய வி.பி.என். சேவைகளை வாங்கியது, அதே 2021-இல், வி.பி.என். சேவைகளைத் தரவரிசைப்படுத்தும் வி.பி.என்.மென்டர் தளத்தை நடத்திய நிறுவனத்தையும் வாங்கியது. நார்ட், சர்ப்ஷார்க் என்ற வேறு இரு வி.பி.என். நிறுவனங்களும் இணைவதாக 2022 பிப்ரவரியில் அறிவித்தன. கடையில் பத்துப் பலகைகள் தொங்கினாலும் முதலாளிகள் அத்தனை பேர் இல்லை. பட்டியலில் உள்ள தகவல் அனைத்தும் பொய் என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கு தணிக்கை செய்யும் ஒருவர், தணிக்கையாளரும் தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமும் ஒரே கையில் இருப்பதைக் கண்டால் என்ன செய்வாரோ அதையே ஆடிட்டரும் செய்தார். அச்செடுத்த தாள்கள் மறுபக்கம் எழுதப் பயன்பட்டன.

பயனர் என்ன செய்தார் என்ற பதிவுகளை வைத்திருப்பதில்லை என்று வி.பி.என். நிறுவனங்கள் தரும் உறுதிமொழியை எப்படி மதிப்பிடுவது என்பது அடுத்த கேள்வி. நார்டுக்கு டெலாய்ட்டும், எக்ஸ்பிரஸுக்கு கே.பி.எம்.ஜி.யும் தணிக்கை செய்து அறிக்கை கொடுத்திருக்கின்றன. தணிக்கை என்பது குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட அமைப்புகளைப் பார்த்துச் சொல்வது மட்டுமே என்பது ஆடிட்டருக்கு நாம் விளக்க வேண்டிய செய்தியன்று. அதைவிட எடை கூடியவை, காவல்துறை வந்து தேடியும் எதுவும் கிடைக்காத நிகழ்வுகள். 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை, கோத்தன்பர்க் நகரில் உள்ள முல்வாட் என்ற வி.பி.என். நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையுடன் வந்து, வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லாததால் வெறுங்கையுடன் திரும்பியது. துருக்கியில் ரஷ்யத் தூதர் கொலை வழக்கின்போது எக்ஸ்பிரஸ் வி.பி.என்.னின் சர்வர் ஒன்று கைப்பற்றப்பட்டும் பயன்படும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. மறுபுறம், நார்ட் வாடகைக்கு எடுத்திருந்த பின்லாந்து சர்வர் ஒன்றில் 2018-இல் அத்துமீறி நுழைந்த செய்தி 2019 அக்டோபரில்தான் வெளியே வந்தது.

இலவசச் செயலிகளை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். பேஸ்புக் 2013-இல் வாங்கிய ஒனாவோ என்ற இலவச வி.பி.என்., பயனர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தன் முதலாளிக்குச் சொல்லும் கருவியாக இருந்தது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து நீக்கப்பட்டது. புரோட்டான் என்ற வி.பி.என். நிறுவனம் தரும் இலவசத் திட்டம் இந்த வகையில் விதிவிலக்கு, அதற்கான செலவைக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கள் ஏற்கிறார்கள். எனினும் சர்வரை நாம் தேர்ந்தெடுக்க முடியாததால் அலுவலக வேலைக்கு அது பொருந்தவில்லை. மேலூர் ஊழியரின் போனில் இருந்த, தயாரித்தவர் யாரென்றே தெரியாத செயலி அன்றே நீக்கப்பட்டது.

வேகத்தைத் தீர்மானிப்பது தூரம்

அலுவலகத்தின் லைன் 100 எம்.பி.பி.எஸ். வேகம் கொண்டது. ஆகவே 900 எம்.பி.பி.எஸ். தருவதாகச் சொல்லும் சேவைக்கும் 300 தருவதாகச் சொல்லும் சேவைக்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த அலுவலகத்தின் வாசலுக்கு வராது. மாலை ஏழு மணிக்கு மேல் வி.பி.என். இல்லாமலேயே அந்த லைன் பாதியாக இளைத்துவிடும், தெரு முழுவதும் அந்த நேரத்தில்தான் டி.வி.யும் போனுமாக உட்காருகிறது. அதனால் ஒவ்வொரு அளவீட்டையும், அதே நேரத்தில் வி.பி.என். இல்லாமல் எடுத்த அளவீட்டின் பக்கத்தில் வைத்தே பார்த்தோம். இப்படிப் பார்த்தபோது, அருகில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்தால் மூன்று சேவைகளிலும் பதிவிறக்க வேகம் பெரிதாகக் குறையவில்லை. மூன்றுமே வயர்கார்டு என்ற நெறிமுறையையோ அதைத் தழுவியதையோ பயன்படுத்துவது இதற்குக் காரணம். ஜேசன் டோனன்பெல்டு உருவாக்கிய வயர்கார்டு, ஏறத்தாழ நான்காயிரம் வரி நிரல் மட்டுமே கொண்டது; 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலில் சேர்க்கப்பட்டது. 2001 முதல் புழக்கத்தில் இருக்கும் ஓப்பன் வி.பி.என்.னை, குறியாக்கத்துக்கென்று தனி வசதி இல்லாத மலிவு ரவுட்டரில் ஓட்டினால் நூறு எம்.பி.பி.எஸ். லைன் பத்து இருபதாகச் சுருங்கும். வயர்கார்டு பயன்படுத்தும் சாசா20 குறியாக்கம் சாதாரணச் சில்லிலேயே விரைவாக ஓடும்.

எனவே சோதனையின்போது ஊழியர்கள் "ஸ்லோ" என்று சொன்னது பதிவிறக்க வேகத்தைப் பற்றியதன்று, தாமதத்தைப் பற்றியது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 6,400 கிலோமீட்டர், அதாவது 32 மில்லிசெகண்ட். மதுரையிலிருந்து சென்னை போய்வரும் நேரத்தையும் இடையில் உள்ள ரவுட்டர்களையும் சேர்த்தால் நாற்பதைத் தொடும், எங்கள் அளவீட்டிலும் அப்படியே வந்தது. எந்த நிறுவனம் என்ன விளம்பரம் செய்தாலும் இதைவிடக் குறைக்க முடியாது. லண்டன் சர்வரைத் தேர்ந்தெடுத்தபோது நூற்றைம்பதை ஒட்டியே நின்றது.

இங்கேதான் இந்தியச் சட்டத்தின் விளைவு ஒன்று மதுரை மேசைக்கு வந்து சேர்கிறது. இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, வி.பி.என். சேவை தருவோர் தம் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், ஒதுக்கப்பட்ட ஐ.பி. முகவரி, எதற்காகச் சேவை பெறுகிறார் என்ற காரணம் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. இதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ், சர்ப்ஷார்க், நார்ட் ஆகியவை அந்த ஆண்டு ஜூன் மாதத்திலும், புரோட்டான் செப்டம்பரிலும் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை விலக்கிக்கொண்டன. ஆயினும் அவற்றில் பல, செயலியின் பட்டியலில் "இந்தியா" என்ற பெயரை வைத்திருக்கின்றன. அது மெய்நிகர் இடம்: முகவரி மட்டும் இந்தியாவுடையது, இயந்திரம் சிங்கப்பூரிலோ வேறு நாட்டிலோ இருக்கும்.

ஊழியர் ஒருவர் "இந்தியா" என்பதைத் தேர்ந்தெடுத்து, மும்பையில் உள்ள ஒரு தளத்தைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். தரவு மதுரையிலிருந்து சென்னை போய், கடலைத் தாண்டிச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மறுபடி மும்பைக்கு வந்து, பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். வைகைப் பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம் என்றிருக்க, சிம்மக்கல்லில் ஏறி மேலூர் சுற்றிப் போவதற்குச் சமம் இது. நேரடியாகப் போனால் முப்பது மில்லிசெகண்டு அளவில் முடிய வேண்டியது நூறை ஒட்டி நின்றது. ஒரு பக்கம் திறக்கக் குறைந்தது மூன்று சுற்றுப் பேச்சு நடந்தாக வேண்டும் (இணைப்பைத் தொடங்க ஒன்று, குறியாக்கச் சாவிகளைப் பேசிக்கொள்ள ஒன்று, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒன்று), ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் தாமதம் கூடும். மாத இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. தளமே திணறும் நாளில் இதையும் சேர்த்துச் சுமப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. "இந்தியா" என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துபோய் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பெரும்பாலோர், செயலிகள் "மெய்நிகர்" என்ற குறிப்பைச் சிறிய எழுத்தில் ஒரு மூலையில் வைப்பது நேர்மைக் குறைவு என்பது என் கருத்து.

நம்பகம்: லைன் அறுந்தால் என்ன ஆகிறது

மதுரையில் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள் ஒவ்வொரு பகுதிக்கும் வரும். அலுவலகத்தில் யு.பி.எஸ். இருக்கிறது, மோடமும் ரவுட்டரும் எரியும். தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் ஆபரேட்டரின் பெட்டிக்கு யு.பி.எஸ். இல்லாததால் லைன் போய்விடும். உடனே ஒவ்வொருவரும் தத்தம் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்வார்கள். ஆகவே சர்வர்கள் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு நேரம் இயங்குகின்றன என்ற விளம்பர எண்ணைவிட, பைபர் லைனிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் வி.பி.என். என்ன செய்கிறது என்பதே இந்த ஊருக்கான நம்பகச் சோதனை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ரவுட்டர் ஒயரைப் பிடுங்கிச் சோதித்தோம்.

முதல் சேவை, வலையமைப்பு மாறியதைக் கண்டுகொள்ளாததுபோல் தொடர்ந்து ஓடியது. வயர்கார்டு நெறிமுறையில் எதிர்முனை அடையாளம் காணப்படுவது சாவியால்தான், முகவரியால் அன்று. புதிய முகவரியிலிருந்து சரியான சாவியோடு ஒரு தரவுப் பொட்டலம் வந்துவிட்டால் சர்வர் அந்த முகவரிக்கே பதில் அனுப்பத் தொடங்கிவிடும். இரண்டாம் சேவை, விலையில் மூன்றிலும் மலிவு, வேகத்திலும் குறை சொல்ல முடியாதது, ஒயரைப் பிடுங்கியதும் துண்டித்துக்கொண்டு மறுபடி இணையச் சில நொடிகள் எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் கணினி சும்மா இருக்கவில்லை. ஹாட்ஸ்பாட் வழியாக நேரடியாகவே வெளியே போனது. வி.பி.என். அறுந்தால் இணையத் தொடர்பையே நிறுத்திவைக்கும் கில் ஸ்விட்ச் என்ற வசதி அந்தச் செயலியில் இருந்தும், நிறுவும்போது அது அணைந்த நிலையிலேயே வந்தது. பிரிட்டன் மென்பொருளின் கண்ணுக்கு இது அனுமதிக்கப்படாத முகவரியிலிருந்து வந்த நுழைவாகத் தெரிந்து, சோதனைக் கணக்கு பூட்டப்பட்டது. திறக்க லண்டனில் விடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் சேவையில் கில் ஸ்விட்ச் நேர் எதிரான குணத்தோடு இருந்தது, வி.பி.என். இல்லாத எந்தத் தொடர்பையும், வீட்டுக்குள்ளேயே நடப்பதைக்கூட, அனுமதிக்கவில்லை. உசிலம்பட்டி ஊழியர் போனில் அழைத்தார்: "அண்ணே, வி.பி.என். போட்டா பிரிட்டன் வேலை ஓடுது, பிரிண்டர் போயிருது. பிரிண்டர் வேணும்னா வி.பி.என்.ன ஆஃப் பண்ண வேண்டியிருக்கு. எதண்ணே வச்சுக்கிறது?" உள்ளூர் வலையமைப்பை அனுமதிக்கும் அமைப்பு செயலிக்குள் மூன்று அடுக்கு கீழே இருந்தது. அதை மாற்றியதும் இரண்டும் ஓடின.

இன்னொரு குறை மூன்றுக்கும் பொது. ஒரே சர்வர் முகவரியை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்வதால், வங்கித் தளங்கள் சந்தேகப்பட்டுக் கூடுதல் சரிபார்ப்பு கேட்கின்றன, வேறு சில தளங்கள் போக்குவரத்து விளக்கையும் வரிக்குதிரைக் கோட்டையும் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன, வெளிநாட்டு முகவரிகளை ஏற்காத அரசுத் தளங்களும் உண்டு. எந்நேரமும் வி.பி.என். போட்டே வைத்திருப்பது பத்திரம் என்று நினைத்த ஊழியர்களுக்கு, அதை எப்போது அணைக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டியிருந்தது.

விலை

பெரிய நிறுவனங்களின் விலைப்பட்டியலில் முன்னால் தெரிவது இரண்டாண்டுத் தொகையை மாதக் கணக்கில் வகுத்த எண். அந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது வரும் விலை அதைவிடக் கணிசமாகக் கூடும். பட்டியலின் அடியில் நட்சத்திரக் குறியோடு எழுதியிருப்பது அதைத்தான். முல்வாட் இதற்கு விலக்கு: 2009 முதல் மாதம் ஐந்து யூரோ என்ற ஒரே விலை, ஆண்டுக்கணக்கில் வாங்கினாலும் தள்ளுபடி கிடையாது. மாத எண்ணைப் பார்த்தால் அது விலை கூடியதாகத் தெரியும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சில நாட்கள் மட்டும் தேவைப்படும் இந்த அலுவலகத்தின் கணக்கில், இரண்டாண்டுத் தள்ளுபடியைவிட மாதாமாதம் வாங்கி நிறுத்துவதே மலிவாக வந்தது.

வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் இணையச் சேவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. தனிநபர் என்று பதிந்து வாங்கினால் விற்பவரே அதை வசூலித்துவிடுவார், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நிறுவனமாக வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே செலுத்தி, உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். சோதித்த சேவைகளில் ஒன்று ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்கவே இல்லை. ஊருக்கெல்லாம் வரி வரவு எடுத்துக்கொடுக்கும் அலுவலகம் தன் சொந்தப் பில்லில் அதை இழந்ததை ஆடிட்டர் ரசிக்கவில்லை.

தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, கார்டிலிருந்து தொடர்ந்து எடுக்கப்படும் தொகைக்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிந்திருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யாத வெளிநாட்டு நிறுவனங்களின் புதுப்பிப்பை வங்கி மறுத்துவிடும். எதிர்பாராத உயர் விலை கார்டில் விழாமல் இது காப்பாற்றுகிறது என்பது நல்லதே. ஆனால் வேலை நாள் நடுவில் வி.பி.என். காலாவதியாகி நிற்பதும் இதனால்தான். நிலையான தனி முகவரியைப் பெரும்பாலான சேவைகள் கூடுதல் கட்டணத்துக்கு விற்கின்றன. அதையும் கூட்டிப் பார்த்தபோதுதான் வேறு வழியை யோசிக்கும் நிலை வந்தது.

எடுத்த முடிவு

முதல் இரண்டு தேவைகளுக்கும் பெங்களூரில் ஒரு சிறு கிளவுட் கணினி வாடகைக்கு எடுக்கப்பட்டு, அதில் வயர்கார்டு நிறுவப்பட்டது. இத்தகைய கணினிக்கு மாதம் ஐந்தாறு டாலர் ஆகும், ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்ப அது கூடுவதில்லை, மாறாத பொது முகவரி அதோடு சேர்ந்தே வருகிறது. அலுவலக டேலி சர்வர் தானே வெளியே போய் அந்தக் கணினியோடு இணைந்துகொள்ளும். 25 நொடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்பி இணைப்பை உயிரோடு வைத்திருக்கும். வெளியிலிருந்து கதவைத் தட்ட முடியாத சி.ஜி.நாட் சிக்கல் இப்படித் தீர்ந்தது. வீட்டில் இருப்பவர்களும் அதே கணினிக்கு வந்து, அங்கிருந்து அலுவலகத்துக்கோ பிரிட்டன் மென்பொருளுக்கோ போகிறார்கள். மதுரையிலிருந்து பெங்களூர் போய்வர இருபது மில்லிசெகண்டை ஒட்டியே ஆகிறது. வங்கி, ஜி.எஸ்.டி., வருமான வரித் தளங்கள் குழாய்க்குள் போகாமல் நேரடியாகவே திறக்கும்படி வழி பிரிக்கப்பட்டது.

செர்ட்-இன் உத்தரவு இதற்கும் பொருந்துமா என்று ஆடிட்டர் கேட்டது நியாயமான கேள்வி. பொதுமக்களுக்கு விற்கும் சேவைகளுக்கே ஐந்தாண்டு விதி, நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கென்று நடத்தும் வி.பி.என்.னுக்கு அன்று என்று அந்த அமைப்பே 2022 மே மாதம் வெளியிட்ட விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. 180 நாள் பதிவுகளைச் சேமிப்பதும், பாதுகாப்பு மீறல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் இந்த அலுவலகத்துக்கும் உண்டு. இந்த ஏற்பாடு அடையாளத்தை மறைக்காது. முகவரி யாருடையது என்பது கிளவுட் நிறுவனத்துக்குத் தெரியும். மறைப்பது இங்கு நோக்கமாக இருந்ததில்லை. மூன்றாவது தேவைக்கு மட்டும், பிரிட்டன் சர்வர் உள்ள முதல் சேவை, வாட் கணக்கு வரும் மாதங்களில் ஒரு மாதத்துக்கு வாங்கப்படுகிறது.

நடைமுறைக்கு வந்த பின்

முதலில் வந்த குறை டேலியைப் பற்றியது. வவுச்சர் ஒன்றை இட்டு என்டர் தட்டினால் திரை நகரப் பல நொடிகள் ஆயின. இதில் வி.பி.என்.னுக்குப் பங்கில்லை. அலுவலக சர்வரில் உள்ள டேலி கோப்புறையை வீட்டுக் கணினியிலிருந்து நேரடியாகத் திறந்திருந்தார்கள். கோப்புப் பகிர்வு முறை ஒவ்வொரு சிறு வாசிப்புக்கும் ஒருமுறை போய்வரும், அலுவலகத்துக்குள் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிவது குழாய் வழியே நூற்றுக்கணக்கில் பெருகும். சர்வரின் திரையைத் தொலைவிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து சர்வரிலேயே டேலியை ஓட்டியதும் குறை நீங்கியது.

இரண்டாவது குறை கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தது. மேலூரில் மின்தடை நாளில் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தபோது, வயர்கார்டு இணைந்ததாகக் காட்டியது, சிறு பக்கங்கள் திறந்தன, ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் கறுப்புத் திரையோடு நின்றது, ஸ்கேன் செய்த பில்களை ஏற்றினால் பாதியில் உறைந்தது. சிறிய பொட்டலங்கள் போகின்றன, பெரியவை போகவில்லை என்பதன் அடையாளம் இது. இணையப் பொட்டலத்தின் வழக்கமான அளவு 1,500 பைட். அதில் வயர்கார்டின் சொந்த உறைக்கு 80 பைட் வரை ஒதுக்கியே அதன் இயல்பு அளவு 1,420 என்று வைக்கப்பட்டிருக்கிறது. மொபைல் வலையமைப்பு சிலவற்றில் உள்ளே ஐ.பி.வி.6 என்ற புதிய முகவரி முறை மட்டுமே ஓடுவதால், பழைய வகைப் பொட்டலம் மாற்றப்படும்போது இன்னும் 20 பைட் கூடுகிறது. கோபுரத்திலிருந்து உள்ளே செல்லும் வழியில் அதன்மேல் மற்றோர் உறையும் ஏறுகிறது. அளவு மீறிய பொட்டலம் வழியில் விழுந்துவிடும், அனுப்பியவருக்குச் செய்தியும் வராது. வீட்டுக் கணினிகளின் அமைப்புக் கோப்பில், பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்.டி.யு. மதிப்பை 1,280 என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. அளவு சிறிதானால் வேகம் சற்றுக் குறையும், நூறு எம்.பி.பி.எஸ். லைனில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. சந்தையில் விற்கும் செயலிகள் இந்தச் சரிக்கட்டலைப் பல நேரங்களில் தாமே செய்துவிடுகின்றன. அவற்றுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இதற்கும்தான் என்பதை மறுக்க முடியாது.

சித்திரைத் திருவிழாவின்போது, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், கோரிப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் போன் டேட்டா ஓடாது என்பதை ஊரார் அறிவார்கள். அன்று ஹாட்ஸ்பாட்டை நம்பி எந்த வேலையையும் வைப்பதில்லை என்று அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. ஊழியர் ஒருவர் விலகியபோது அவருடைய சாவியைச் சர்வர் அமைப்பிலிருந்து நீக்கினால் போதுமானதாக இருந்தது, மற்ற யாருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. பெங்களூர்க் கணினி ஒன்றே ஒன்றாக இருப்பதால் அது நின்றால் நான்கு வீடுகளும் பிரிட்டன் பிரிவும் சேர்ந்தே நிற்கும். மும்பையில் மற்றொரு கணினி அதே அமைப்போடு தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் முகவரி வேறு என்பதால் பிரிட்டன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். இருவர் சேர்த்துவிட்டார்கள், மற்றவர்களின் பதிலுக்காக அலுவலகம் காத்திருக்கிறது.